ஹாசிம் ரெய்ஸ் குடித்த இரண்டு கிளாஸ் கடல் சளி

எர்தெக்,
ஆகஸ்ட் 3, 2021

என் அருமைச் சகலை நெஜ்மிக்கு,

நடந்தது இதுதான்: உன் மகள் ஜெய்லான் ஆராய்ச்சிக்காக எங்கள் ஃபிரிட்ஜில் வைத்திருந்த கடல் சளியை, தினைப் பானமான போசா என்று நினைத்து, படகுக்காரர் ஹாசிம் ரெய்ஸ் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டார். அதனால் நான் பிழைத்தேன்.

சலாம் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டேன், பொறுத்துக்கொள். உன் இரு கண்களுக்கும் என் முத்தம். என் கொழுந்தியாள் நெரிமானுக்கு என் மரியாதை. என் வீட்டுக்காரி பெரிஹானும் நானும் நலம். உன் முழங்கால் வலி இப்போது எந்தக் காலில் இருக்கிறதோ, அந்தக் காலில் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பெருநாளன்று தொலைபேசியில் இதையெல்லாம் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ரயில்வேயில் முப்பது வருஷம் எஞ்சின் சத்தத்தில் உன் காது போய்விட்டது. உனக்குக் கேட்கும்படி நான் சொன்னால் துறைமுகம் முழுக்கக் கேட்கும். துறைமுகத்துக்குத் தெரிந்தது ஏற்கெனவே போதும். அதனால் கடை ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் என் குற்றம். உன் மகள் கடல் படிக்கப் போகிறாள் என்று நீ சொன்ன நாளில், உன் அண்ணன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் நாற்பது பேர் முன்னால் நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "கடலே இல்லாத ஊர்ல பொறந்த பொண்ணுக்குக் கடல் படிப்பா? எஸ்கிஷெஹிர்ல இருக்கிறது ஒரு ஆறு, அதுலயும் வாத்துதான் இருக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. தட்டில் இருந்த பிலாவ் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டு எழுந்து போனாய். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தலையில் தட்டு சுமந்து மீன் விற்று மேலே வந்தவனுக்கு, படித்தவர்களைக் கண்டால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

போன நவம்பரில் அவள் பையும் பெட்டியுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "என்னம்மா, மீன் வாங்க வந்தியா?" என்றேன். "இல்ல பெரியப்பா, சளி எடுக்க வந்தேன்" என்றாள். "அதுக்கு இவ்வளவு தூரம் எதுக்கு, குளிர்காலத்துல என் மூக்கே போதுமே!" என்றேன். அவளும் சிரித்தாள், உன்னைப் போல இல்லை. மறுநாள் காலையிலிருந்து மர்மரா கடலை பாட்டில் பாட்டிலாக வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜில் பாலாடைக்கட்டி இருந்த தட்டில் கடல், ஆலிவ் இருந்த தட்டில் கடல். ஒருநாள் முட்டை எடுக்கக் கையை விட்டேன், அங்கேயும் கடல்.

டிசம்பரில் ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது தேநீர்க் கிளாஸில் இரண்டு கட்டி சர்க்கரையைப் போட்டு, கலக்காமல் என் முன்னால் வைத்தாள். "இதான் நம்ம கடல், பெரியப்பா. மேல ஒரு தண்ணி, கீழ ஒரு தண்ணி. ரெண்டும் சேராது. இதுக்குள்ள ஊர்க் கழிவு, வயல் உரம் எல்லாம் வந்து இறங்குது, அதுதான் பாசிக்குச் சாப்பாடு. தண்ணி சூடா இருந்து, காத்து அடிக்காம, யாரும் கலக்காம விட்டா, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசி தின்னு தின்னு மிச்சத்தை வழுவழுன்னு வெளிய விடும். அதான் சளி. இப்போ அடியில இருக்கு, வலையில வருது. டிசம்பர்ல இருக்க வேண்டியதைவிடத் தண்ணி சூடா இருக்கு. காத்தும் இல்ல. ஏப்ரல்ல மேல வரும். மே மாசம் கடல்மேல கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கும்."

பெரிஹான் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நான் கேட்கவில்லை. "ரெண்டு நாள் வாடைக்காத்து அடிச்சா எல்லாம் போயிடும். அம்பது வருஷமா இந்தக் கடலைப் பாக்கறேன். நீ சொன்ன மாதிரி வந்தா என் மீசையை எடுத்துடறேன்" என்றேன். ஜெய்லான் அதையும் தேதி போட்டு நோட்டில் குறித்துக்கொண்டாள். படித்தவர்களோடு இதுதான் தொல்லை. பேச்சுக்குச் சொன்னதைக்கூட எழுதி வைத்துவிடுகிறார்கள்.

நான் ஏன் கேட்கவில்லை என்றால், என் மனசு முழுக்க ஹாசிம் ரெய்ஸின் படகில் இருந்தது. பதினான்கு மீட்டர் சுருக்குவலைப் படகு. கருங்கடலிலிருந்து அவர் ஓட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு வயசாகிவிட்டது, விற்கப் போகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் போனது. அடுத்தவன் பிடித்த மீனை விற்றே காலம் போய்விட்டது, ஒரு தடவையாவது என் வலை, என் மீன், என் கடை என்று சொல்ல வேண்டாமா? கேட்ட விலை ஒன்பது லட்சம் லிரா. என்னிடம் இருந்த சேமிப்பு எல்லாம் போட்டாலும் பற்றவில்லை. உப்பு மீன் கொட்டகையை அடகு வைக்க வேண்டும், அதோடு பெரிஹானின் பன்னிரண்டு வளையல். கேட்டேன். அவள் வளையலைக் கழற்றாமல், "ஜெய்லான் சொன்னதைக் கேட்டீங்களா?" என்றாள். "பாட்டில்ல கடல் பாக்கறவ பேச்சைக் கேட்டா வியாபாரம் பண்றது?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷத்தில் எத்தனையோ தடவை ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அதில் ஒரு தடவைகூட எனக்கு நல்லது நடந்ததில்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஜனவரியில் பேரம். அப்போது கொரோனாவால் தேநீர்க்கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அதனால் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். நடுவர், பூட்டிய தேநீர்க்கடையின் சொந்தக்காரர் ஸெய்னெல். கை குலுக்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் கையைப் பிடிக்காமல் எந்தப் படகு கைமாறியிருக்கிறது? வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் கோத்து, மேலே நடுவர் கையை வைத்துக் குலுக்கிக் குலுக்கி, விலை படியும்வரை விடக் கூடாது. கை விடுபட்டால் பேரம் முறிந்தது. அரசாங்கத்துக்கும் மரியாதை, பேரத்துக்கும் மரியாதை என்று மூன்று பேரும் மீன் கழுவுகிற ரப்பர் உறையை மாட்டிக்கொள்வதாக முடிவானது.

உட்காருவதற்கு முன் உபசாரம் வேண்டுமே. பெரிஹானின் போசாவுக்கு இந்த ஊரில் பெயர் உண்டு. தினையை வேகவைத்து, புளிக்கவிட்டு, கரண்டி நிற்கிற மாதிரி கெட்டியாகச் செய்வாள். சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "என் கையெல்லாம் மாவு. ஃபிரிட்ஜ்ல முன்னாடி இருக்கிற ஜாடியை எடுத்து நீங்களே ஊத்திக் குடுங்க!" எடுத்தேன். ஊற்றினேன். எனக்குச் சர்க்கரை வியாதி. ஊற்றும்போது அவளுக்குத் தெரியாமல் ஒரு வாய் குடித்துக்கொள்வது வழக்கம். அன்றைக்குப் பேரப் பதற்றத்தில் அதையும் மறந்தேன். மேலே லவங்கப்பட்டைப் பொடி தூவினேன், வறுத்த கொண்டைக்கடலையைப் போட்டேன், தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஸெய்னெல் ஒரு வாய் குடித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அடுத்தவர் வீட்டு போசாவைத் துப்புகிற ஆள் அவர் இல்லை. ஹாசிம் ரெய்ஸைப் பார்த்தார். ரெய்ஸ் பாதிக் கிளாஸைக் காலி செய்துவிட்டு நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க பக்கம்... கொஞ்சம் சர்க்கரை போடுவாங்க" என்றார் ஸெய்னெல், மெதுவாக.

"சர்க்கரை போட்டுக் கெடுத்துடாதீங்க! எப்படி நூல் மாதிரி இழுபடுது பாருங்க. தொண்டையில குளுகுளுன்னு எறங்குது. உண்மையச் சொல்லணும்னா, அந்த நோய் வந்து போனதுலேருந்து எனக்கு வாசனையும் தெரியறதில்ல, ருசியும் தெரியறதில்ல. ஆனா பக்குவம்னு ஒண்ணு இருக்கே! இன்னொரு கிளாஸ் ஊத்துங்க ஷாபான் அண்ணே."

ஊற்றினேன். இரண்டாவது கிளாஸை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையை நீட்டினார். உறையோடு கோத்தோம். "எட்டு லட்சத்து முப்பது" என்றார். "எட்டு" என்றேன். ஸெய்னெல் குலுக்கினார். அவர் முகம் அதற்குள் ஒரு தினுசான பச்சைக்கு வந்திருந்தது. "எட்டு இருபத்தஞ்சு, வலையோட சேத்து." "எட்டு பத்து, வலையோட, விளக்கோட." ரெய்ஸ் ஒரு மடக்குக் குடித்தார், யோசித்தார். "ஷாபான் அண்ணே, உங்க வீட்டு போசாவுக்காக..." என்று ஆரம்பித்தார். நெஜ்மி, அந்த வாக்கியம் முடிந்திருந்தால் நான் இன்று தெருவில் நிற்பேன். முடியவில்லை. வெளிக் கதவு திறந்தது. உன் மகள் ரப்பர் பூட்ஸோடு நேரே சமையலறைக்குப் போனாள். ஃபிரிட்ஜைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"பெரியப்பா! என் நவம்பர் மாதிரி எங்க? நீல மூடி ஜாடி!"

நான் தட்டைப் பார்த்தேன். ஜாடி அங்கேதான் இருந்தது. மூடி நீலமாகத்தான் இருந்தது. ஜெய்லான் வாசற்படியில் நின்று ஜாடியைப் பார்த்தாள், கிளாஸைப் பார்த்தாள், ரெய்ஸின் மீசையில் தொங்கிய நூலைப் பார்த்தாள்.

"எவ்வளவு குடிச்சாங்க?" என்றாள். அக்கறையாகத்தான் கேட்டாள். ஆனால் கையில் பென்சில் இருந்தது.

"என்னம்மா அது?" என்றார் ரெய்ஸ்.

"கடல் சளி. முப்பது மீட்டர் ஆழத்துல எடுத்தது. பயப்படாதீங்க, மருந்து எதுவும் சேக்கல, வெறும் சளிதான்."

'வெறும் சளிதான்' என்பதில் ரெய்ஸுக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. எழுந்து ஓடப் பார்த்தார். கையை நான் பிடித்திருந்தேன், எனக்கு மேல் ஸெய்னெல் பிடித்திருந்தார், விட்டால் பேரம் போய்விடும் என்று நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் இழுத்தார். உறை வழுக்கியது. படகு முழுவதும் என் கைக்கு வர வேண்டிய நேரத்தில் வலது கை ரப்பர் உறை ஒன்று மட்டும் வந்தது. ரெய்ஸ் ஓடிய வழியில் ஸெய்னெலும் ஓடினார். கை விடுபட்டது, பேரம் முறிந்தது. ரெய்ஸ் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். மூன்றாம் நாள் எழுந்து, "பத்து லட்சம் குடுத்தாலும் அந்த ஆளுக்கு விக்க மாட்டேன்" என்று துறைமுகம் முழுக்கச் சொன்னார்.

நான் உன் மகளிடம் எப்படிக் கத்தினேன் என்பதை அவள் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். அதனால் நானே சொல்கிறேன். "உன் சளியால என் படகு போச்சு! நாளைக்கே மூட்டையைக் கட்டு!" என்றேன். அவள் அழவில்லை. "ஏப்ரல் வரைக்கும் கோவப்படுங்க பெரியப்பா. அப்புறம் பேசலாம்" என்றாள். பெரிஹான் கதவோரம் நின்று, "அவ போனா நானும் போறேன், எஸ்கிஷெஹிர்ல எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்றாள். ஆகவே இருவரும் இருந்தார்கள்.

ஏப்ரல் வந்தது. ரெய்ஸின் படகில் வலை கனத்ததாம். ஆட்கள் "மீன்! மீன்!" என்று பாடிக்கொண்டே இழுத்தார்களாம். மேலே வந்தது எங்கள் வீட்டு போசா. வலை கிழிந்தது, எஞ்சினுக்குத் தண்ணீர் உறிஞ்சும் வாய் அடைத்துக்கொண்டது, சீசன் போனது. மே மாதம் உன் மகள் சொன்ன கம்பளம் விரிந்தது. படகுத்துறையில் எங்கள் கடைப் பூனை அதைத் தரை என்று நம்பி நாலு அடி நடந்தே போனது. ஐந்தாவது அடியில் உண்மை தெரிந்தது. இழுத்துப் போட்டுக் கழுவினோம். இன்றுவரை அது தட்டில் உள்ள தயிரைக்கூட ஒருமுறை காலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நக்குகிறது. வாடைக்காற்று அடித்ததா என்றால், அடிக்கவில்லை. நான் போய் மீசையை எடுத்துவிட்டு வந்தேன். ஜெய்லான் நோட்டைப் புரட்டி அந்த வரிக்கு எதிரே ஒரு கோடு போட்டாள்.

ஜூனில் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். மீசை இல்லாத ஒருவன் துறையில் நின்று கத்தினானே, பார்த்தாயா? அது நான்தான். "இஸ்தான்புல்காரன் கழிவை விடறான், தொழிற்சாலைக்காரன் விஷத்தை விடறான், விவசாயி உரத்தைக் கொட்டறான், எங்க கடலைக் கொன்னுட்டாங்க!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து என் கொட்டகையில் ஆட்கள் நெத்தலி கழுவி முடித்திருக்கிறார்கள். எனக்குப் பின்னாலேயே குழாய் களக் களக் என்று தலையும் குடலும் உப்புத் தண்ணீருமாகக் கடலில் கொட்ட ஆரம்பித்தது. கேமராக்காரன் என்னை விட்டுவிட்டு அதை எடுத்தான்.

"ஐயா, அது யாரோட குழாய்?" என்று மைக் பிடித்திருந்த பெண் கேட்டாள்.

"எந்தக் குழாய்?" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஜெய்லானிடம், "என் ஒரு குழாயாலயா இத்தனையும்?" என்று கேட்டேன். அவள் நோட்டை நீட்டினாள். மார்ச் மாதமே விரிகுடாவில் ஆறு இடத்தில் தண்ணீர் எடுத்துச் சோதித்திருக்கிறாள். பாசிக்கு அதிகச் சாப்பாடு இருந்த இடத்துக்கு எதிரே 'ஷா' என்று போட்டிருந்தது.

"இது என்ன ஊரு?"

"ஊரு இல்ல. நீங்க."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா பூனை இல்ல, நான்தான் துறையில கிடந்திருப்பேன். உங்க குழாய் மட்டும் காரணம்னு சொல்லல பெரியப்பா. இந்த மாதிரி ஆயிரம் குழாய் இருக்கு. அதுல மூடச் சொல்ற உரிமை எனக்கு இருக்கிறது இது ஒண்ணுக்குத்தான்."

சகலை, என் அறுபத்தொரு வயசில் இப்போதுதான் ஒருத்தி என்னிடம் உரிமை என்று சொன்னாள். மறுநாளே குழாயை அடைத்தேன். அவள் வரைந்து கொடுத்தபடி மூன்று தொட்டி கட்டினேன். தலையும் குடலும் தொட்டியில் தங்குகின்றன. கோழித் தீவனக்காரன் வாரம் ஒருமுறை வந்து காசு கொடுத்து அள்ளிக்கொண்டு போகிறான். இருபத்திரண்டு வருஷம் காசைக் கடலில் கொட்டியிருக்கிறேன், தெரியுமா!

ஆகவே நன்றி. கொட்டகை என்னுடையதாகவே இருக்கிறது, வளையல்கள் பெரிஹான் கையிலேயே இருக்கின்றன. உன் மகள் சொன்னதைக் கேட்கிற புத்தி எனக்கு இருக்கவில்லை. அவள் ஜாடி என்னைக் காப்பாற்றியது. ஜாடி மாறி எடுத்த என் அவசரத்தையும் அல்லாஹ் நன்மையாக ஆக்கினான். அவளைப் படிக்கவைத்தவன் நீ. பந்தியில் நான் சொன்ன வார்த்தைக்காக என்மேல் உனக்கு இருக்கும் உரிமைக் கணக்கை எல்லாம் விட்டுக்கொடுத்து என்னை மன்னித்துவிடு. அடுத்த கல்யாணத்தில் அதே நாற்பது பேர் முன்னால் திருப்பிச் சொல்கிறேன். இன்னொன்றும் உறுதியாகச் சொல்கிறேன்: இந்த வீட்டில் இனிப் படகு என்ற பேச்சே கிடையாது. நான் மீன் விற்கப் பிறந்தவன், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நெரிமானுக்கு சலாம். உன் அண்ணனுக்கு சலாம். எஸ்கிஷெஹிர் வாத்துகளுக்கும் சலாம். உன் வீட்டு அடுப்பு அணையாமலும், உன் காது இதற்கு மேல் போகாமலும் இருக்க அல்லாஹ் அருளட்டும்.

உன் சகலை,
ஷாபான்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் பெரிஹானிடம் படித்துக் காட்டினேன். 'ஜாடி மாறி எடுத்த என் அவசரம்' என்ற இடம் வந்ததும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முன்னாடி இருக்கிற ஜாடின்னு சொன்னேனா, இல்லியா?"

"சொன்னே."

"முன்னாடி இருந்தது எது?"

"நீல மூடி... அடியே, தெரிஞ்சேதான் வெச்சியா?"

"அவருக்கு இல்ல, உங்களுக்கு! எனக்குத் தெரியாம ஒரு வாய் குடிப்பீங்க, ரெண்டு நாள் படுப்பீங்க, பேரம் தள்ளிப் போகும்னு நெனச்சேன். அந்த மனுஷன் ரெண்டு கிளாஸ் குடிப்பார்னு யாருக்குத் தெரியும்?"

ஆகவே மேலே அல்லாஹ்வுக்கும் ஜாடிக்கும் நான் சொன்ன நன்றியில் பாதியை வெட்டி அவள் பெயரில் போட்டுக்கொள். படகு பற்றிய வரியோடு வளையல் பற்றிய வரியையும் அடித்துவிடு, அவள் இப்போதுதான் சொன்னாள். நேற்றுக் காலை அவள் ஸெய்னெலைக் கூட்டிக்கொண்டு ரெய்ஸ் வீட்டுக்குப் போய், உறை இல்லாமல் கையைப் பிடித்து, படகை முடித்துவிட்டாள். வரும் குளிர்காலம் எப்படி என்று ஜெய்லானைக் கேட்டேன். "காத்தும் குளிரும் ஒழுங்கா இருந்தா குறையும், உறுதியில்ல" என்றாள். "உறுதியில்லாததாலதான் இந்த விலைக்கு வந்தது" என்றாள் பெரிஹான். இந்தப் பேச்சு அவள் என்னிடம் கற்றது. படிந்தது இப்படி: நாலு லட்சத்து அறுபதாயிரம் லிரா, வலையோடு, விளக்கோடு. ஒன்பது வளையல் போனது, மூன்று அவள் கையில். படகு அவள் பெயரில். ரெய்ஸ் பங்குக்குப் படகு ஓட்டுவார். செவ்வாய்க்கிழமை படகு ஜெய்லானின் பாட்டில்களுக்கு, டீசல் என் செலவு. மீன் என் கடையில்தான் விற்க வேண்டும், எனக்குத் தரகு நூற்றுக்கு எட்டு. பன்னிரண்டு கேட்டேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை, எட்டுக்கு ஒத்துக்கொண்டேன். ரெய்ஸ் தன் பக்கம் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: எங்கள் வீட்டில் அவர் எது குடித்தாலும், முதல் வாய் நான் குடிக்க வேண்டும்.